கழுவின தண்ணி எங்கே போகும்?

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாளாகும். அங்கே நெல்லும் பூவும் தூவி வரவேற்பார்கள், படம் எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். அதற்கப்புறம் அந்தத் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் வெட்டாறாகவும் கிளைத்து, ஊர் வாய்க்கால் தலைப்புக்கு வரும்போது வரவேற்க ஒரே ஓர் ஆள்தான் நிற்பார். லஸ்கர், அதாவது ஷட்டரைத் திறந்து மூடும் பாசன ஊழியர். அவர் கையில் பூ இருக்காது, துரட்டி இருக்கும்.

ஒரு வருஷம் முதல் தண்ணீர் வந்த காலையில் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு ஓர் அடி முன்னால் பழுப்பு நுரை வந்தது. நுரையைத் தள்ளிக்கொண்டு குப்பை வந்தது. வெங்காயத்தாமரைக் கொத்து, அதற்குள் சிக்கிய தண்ணீர் பாட்டில், பால் கவர், கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் டம்ளர், பாதி கிழிந்த உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா, குழந்தைகளுக்குக் கட்டும் நாப்கின். அரைமணி நேரத்தில் ஷட்டர் வாயை அடைத்துக்கொண்டது. "ஷட்டரை எவ்வளவு தூக்கினாலும் தண்ணி போவாது தம்பி, இத எடுத்தாத்தான் போவும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார். இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது.

இதைக் கண்ணால் பார்க்கிற ஊர்க்காரர்கள்தான், பக்கத்தில் பிளாஸ்டிக் கழிவு ஆலை வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் கறுப்புக் கொடி கட்டுகிறார்கள், சாலை மறியல் செய்கிறார்கள், கிராம சபையில் தீர்மானம் போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. குப்பையும் போடுவீர்கள், அதை எடுத்துக்கொள்ள ஒருவன் வந்தால் அவனையும் விரட்டுவீர்களா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் டெல்டாவில் இந்த ஆலைகளை ஏன் எதிர்க்கிறார்கள் என்பது புரிய வேண்டுமானால், ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் டெல்டாவில் தண்ணீர் எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தரப்பும் சொல்வது சரியாகவே தோன்றும்.

ஒரே பெயரில் நாலு வேலை

ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், "குப்பைக் கம்பெனி". அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு வகை வேலை இருக்கிறது. போராட்டக் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சின்னது ஒன்று உண்டு. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைக் கூடம் வைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கலாம். ஒரு தகரக் கொட்டகை, தூசி தட்டும் இயந்திரம், துண்டு துண்டாக நறுக்கும் இயந்திரம், அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரம், அவ்வளவுதான். தண்ணீர் அநேகமாக வேண்டாம், தீ வேண்டவே வேண்டாம். நறுக்கிய பிளாஸ்டிக் தார்ச் சாலைக்குப் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்து, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கித் தந்த முறை அது. சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவி, பிறகு தாரைக் கலப்பார்கள்.

பெரிய வகையில் ஒன்று, பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுப்பது. உள்ளே பி.வி.சி. கலந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பும், கடைசியில் கரிக் கசடு மிஞ்சும். இன்னொன்று, எரிப்பது. மின்சாரத்துக்காக எரிக்கலாம், சிமென்ட் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாகவும் போடலாம். இந்த இரண்டையும் பற்றித்தான் ஊர்க்கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள், ஏனென்றால் புகை கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் தனியார் முதலீட்டில் அதிகமாக வருவது நாலாவது வகை, அதாவது கழுவி, உருக்கி, குருணையாக்கும் ஆலை. இதை மறுசுழற்சி என்கிறோம். கேட்க நல்ல வார்த்தை. என்னைக் கேட்டால் டெல்டாவில் கவனித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்படி ஓர் ஆலைக்குள், டெல்டாவுக்கு வெளியே வேறொரு மாவட்டத்தில், ஒரு தடவை போயிருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்றத்தை எதிர்பார்த்துப் போனேன். வாசலிலேயே முகத்தில் அடித்தது புளித்த பால் வாடை. மலை மலையாகப் பால் கவர். வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் கையால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் தனி, மூடி தனி, கவர் தனி, உள்ளே வெள்ளி பூசிய சிப்ஸ் பாக்கெட் தனி. அந்தக் கடைசி வகை யாருக்கும் வேண்டாத பிள்ளை, காயலான் கடையில்கூட வாங்க மாட்டார்கள்.

பிரித்ததை அரவை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கி, தொட்டியில் கொட்டுகிறார்கள். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதர் பிரிக்கிற அதே தந்திரம்தான். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பெட் பாட்டில் துண்டும் பி.வி.சி.யும் அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் அலசி, உலர்த்தி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கிப் பிழிகிறார்கள். இடியாப்பம் மாதிரி நீள நீளமாக வந்து தண்ணீரில் விழுந்து இறுகுகிறது. நறுக்கினால் குருணை. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அது மறுபடி குடமாகும், குழாயாகும், குப்பைக் கூடையாகும்.

இதில் எங்கேயும் மாயமில்லை, மர்மமில்லை. தொழிலை நேர்மையாகச் செய்தால் நாட்டுக்குத் தேவையான தொழில். ஆனால் அந்தத் தொட்டித் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது, மத்தியானம் சேற்றுக் குழம்பாக இருந்தது. அதில் மண் இருக்கிறது, பால் இருக்கிறது, மிச்சக் குழம்பு இருக்கிறது, லேபிள் ஒட்டிய பசையும் அச்சு மையும் இருக்கின்றன, காஸ்டிக் சோடா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. அரைக்கும்போதும் உரசும்போதும் உதிரும் நுண்துகள் அது. பிரிட்டனில் ஒரு மறுசுழற்சி ஆலையில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. உள்ளே வரும் பிளாஸ்டிக்கின் எடையில் 13 சதவீதம் வரை நுண்துகளாகக் கழிவுநீரில் போகக்கூடும், வடிகட்டி வைத்த பிறகும் 6 சதவீதம் அளவுக்குப் போகக்கூடும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அதுவும் புதிதாகக் கட்டிய, நவீன ஆலை.

ஒருத்தருக்கு வடிகால், அடுத்தவருக்கு வாய்க்கால்

வேறு ஊரில் இந்தத் தண்ணீரை ஒரு குட்டையில் விட்டுவிட்டு, நாளடைவில் மறந்துவிடலாம். (மறக்கக் கூடாதுதான், ஆனால் நடக்கிறது.) டெல்டாவில் மறக்க முடியாது, தண்ணீர் மறக்க விடாது.

தஞ்சாவூருக்குக் கிழக்கே போகப் போக நிலம் கிட்டத்தட்ட தட்டு மாதிரி. சரிவு அத்தனை குறைவு. மேலே இருப்பவர் வயல் நிரம்பி வழிந்தால் அடுத்தவர் வயலுக்குப் பாயும், அவர் வரப்பை வெட்டினால் அதற்கடுத்தவருக்கு. அப்படி வடிந்தது கடைசியில் ஒரு வடிகாலில் விழும். அந்த வடிகால் இரண்டு மூன்று கல் தள்ளிப் போய் ஒரு தடுப்பில் தேங்கும், அங்கிருந்து இன்னொரு ஊருக்குப் பாசன வாய்க்கால் தொடங்கும். மேல் ஊரின் கழிவுதான் கீழ் ஊரின் பாசனம். சோழர் காலத்திலிருந்து மெருகேறி வந்த சிக்கனம் இது. ஒரு சொட்டும் வீணாகாது. அழுக்கும் அப்படியே, ஒரு சொட்டும் வீணாகாமல் போய்ச் சேரும்.

கடைமடை ஊர்களில் நிலைமை இன்னும் இறுக்கம். கடலோரம் நிலத்தடி நீர் உப்பு. குடிக்க, மாடு குளிப்பாட்ட, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் ஆற்றுத் தண்ணீரையும் குளத்தையும்தான் பார்க்க வேண்டும். அந்தக் குளமும் வாய்க்காலிலிருந்து நிரம்புவதுதான். ஆலை ஆழ்குழாய்க் கிணறு போட்டு நல்ல தண்ணீரை இழுக்கும், கெட்ட தண்ணீரை விடும் என்று ஒரு பாட்டி மூச்சுவிடாமல் சொன்னார். நீரியல் பேராசிரியர் நாலு பக்கத்தில் எழுதுவதும் இதைத்தான்.

"ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாது, எல்லாவற்றையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவோம்" என்று திட்டக்காரர்கள் சொல்வார்கள். காவிரிக் கரையில் இந்த வாக்குறுதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யலை என்ன செய்தன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் விஷயம் அசைந்தது. நொய்யல் எங்கே கலக்கிறது? காவிரியில். அந்தக் காவிரி எங்கே வருகிறது என்று டெல்டாக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை. தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க முடியும், நன்றாக நடத்தினால் நடக்கும். ஆனால் சுத்திகரித்த பிறகு அழுக்கு ஆவியாகிப் போவதில்லை, சேறாக மிஞ்சுகிறது. அந்தச் சேற்றை அழுத்தி, மூட்டை கட்டி, பத்திரமான இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். அதற்குச் செலவாகும். ஆலைக்கு லாபம் குறையும் மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது எந்தச் செலவு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மழை ராத்திரியில் மோட்டாரை வடிகால் பக்கம் திருப்பிவிட ஒரு ஆள் போதும்.

மழை என்றதும் இன்னொன்று. இந்த ஆலைகளின் சரக்கு லேசானது, இடத்தை அடைப்பது. பாதிக்கு மேல் திறந்த வெளியில்தான் குவிந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் வயலும் சாலையும் ஒரே மட்டத்தில் முழுகும் பூமி இது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னையே வேரோடு சாய்ந்தது, ஓடும் தகரமும் ஊர் விட்டு ஊர் போயின. கட்டாத பிளாஸ்டிக் மலை ஒன்று அன்றைக்கு நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ இருந்திருந்தால் அது எங்கெல்லாம் போய் ஒதுங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் வேறு பயம். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் 2-ஆம் தேதி தீப்பிடித்து, அணைக்கப் பத்துப் பன்னிரண்டு நாளானது. நகரமே புகையில் மூழ்கியது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஜெபமாலைபுரம் கிடங்கு எரிந்த நாள்களின் வாசனை ஞாபகம் இருக்கும்.

காவிரியில் நுண்பிளாஸ்டிக் இப்போதே இல்லையா என்றால், இருக்கிறது. கிருஷ்ணராஜ சாகர் அணைத் தண்ணீரைச் சோதித்த பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், அதில் நுண்பிளாஸ்டிக் இருப்பதையும், அந்த நீரில் விட்ட மீன் கருக்களின் எலும்பு வளர்ச்சி கோணலாவதையும் 2022-இல் வெளியிட்டார்கள். ஏற்கனவே இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்பது ஒரு வாதம். ஏற்கனவே இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்பது இன்னொரு வாதம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

யார் வீட்டுக் குப்பை

"உங்க ஊர்க் குப்பைக்குத்தானே ஆலை" என்று கேட்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2019-20-இல் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 4.31 லட்சம் டன் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. ஏழரைக் கோடிச் சொச்சம் மக்களுக்குப் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 15 கிராம் சுமார். கிராமத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் 15 என்றே வைத்துக்கொள்வோம். மூவாயிரம் பேர் உள்ள ஊராட்சியில் ஒரு நாளைக்கு 45 கிலோ. நாளைக்கு 10 டன் அரைக்கும் ஆலை ஒன்றுக்கு, அது ஒன்றும் பிரம்மாண்டமான ஆலை இல்லை, 220 ஊராட்சிகளின் குப்பை மொத்தமும் வேண்டும். அதிலும் பால் கவர், பாட்டில் மாதிரி விலை போகும் சரக்கு மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும் என்றால் இன்னும் பல மடங்கு ஊர்.

ஆகவே லாரி வெளியூரிலிருந்துதான் வரும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, தொழிலின் கணக்கே அதுதான். ஆனால் ஊரில் சொல்லும்போது "உங்கள் குப்பைப் பிரச்சினை தீரும்" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஜனங்களுக்கு எரிச்சல். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலி ஊர்களில் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அதைத் திருப்பி எடுத்துப்போக வைத்ததும் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்த செய்தி. லாரியில் தார்ப்பாய்க்குக் கீழே என்ன வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் அதிகாரம் ஊர்க்காரருக்கு இல்லை.

இந்த ஆலைகள் திடீரென்று ஏன் இத்தனை வருகின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பிளாஸ்டிக்கில் பொருளை அடைத்து விற்கும் கம்பெனிகள் அவ்வளவு எடையை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். தாங்களே செய்ய முடியாவிட்டால் மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். 2025-26 முதல் பாட்டில், டப்பா போன்ற கெட்டி பிளாஸ்டிக் உறைகளில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், 2028-29-க்குள் அது 60 சதவீதமாக வேண்டும். அதாவது ஆலைக்கு இப்போது இரண்டு வருமானம். குருணையும் விற்கலாம், சான்றிதழும் விற்கலாம். விதி நல்ல விதிதான். ஆனால் சில ஆலைகள் குருணையே இல்லாமல் சான்றிதழ் மட்டும் விற்றுவிட்டன. ஆறு லட்சம் அளவுக்குப் போலிச் சான்றிதழ்கள் இருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023-இல் கண்டுபிடித்தது. காகிதத்தில் இப்படிச் செய்பவர்கள் வடிகால் பக்கம் எப்படி நடந்துகொள்வார்கள் என்று ஊர்க்காரர் கேட்டால், அவரைப் படிக்காதவர் என்று ஒதுக்க முடியாது.

சட்டத்தில் எங்கே ஓட்டை

டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்றே, அதில் எப்படி ஆலை வரும் என்று பலர் கேட்கிறார்கள். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய அந்தச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களையும் எடுத்துக்கொண்டது. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை 2023 திருத்தத்தில் பெயரோடு சேர்ந்தது. திருச்சி, கரூர், அரியலூர் வெளியே நிற்கின்றன. மண்டலத்துக்குள் எல்லாத் தொழிலுக்கும் தடை என்று நினைத்தால் தப்பு. அட்டவணையில் பெயர் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் தடை. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது, உருக்காலை, தோல் பதனிடுதல், எலும்பு கொம்பு பதப்படுத்துதல், எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. முதலமைச்சர் தலைமையில் ஒரு அதிகார அமைப்பு இருக்கிறது. பட்டியலை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை அங்கே போய்ச் சேர வேண்டும்.

அதற்கு முந்தைய அரசாணைகளும் உண்டு. அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்று 1989-இல் ஒன்று வந்தது, காவிரிக்கும் கிளையாறுகளுக்கும் அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கி 1998-இல் இன்னொன்று வந்தது. டெல்டாவில் எந்த ஆற்றிலிருந்தும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் தேடிப் பாருங்கள், சுவாரசியமான வேலை. ஆனால் இங்கேயும் அதே சிக்கல்தான். பட்டியலில் உள்ள தொழில் வகைக்குத்தான் இது பொருந்தும்.

சரி, மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா? 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பெயருள்ள திட்டங்களுக்குத்தான் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பிளாஸ்டிக்கைக் கழுவி உருக்கும் ஆலை பொதுவாக அதில் வராது. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முதலில் நிறுவ இசைவாணை, பிறகு இயக்க இசைவாணை வாங்கினால் போதும். விண்ணப்பம் ஆன்லைனில் போகும், ஆய்வு அதிகாரி வந்து போவார். ஊருக்குத் தெரிவது எப்போது? சுற்றுச்சுவர் எழும்பும்போது, அல்லது ஆழ்குழாய் போடும் வண்டி வந்து நிற்கும்போது. "முந்திரி கம்பெனி வருதுன்னு சொன்னாங்க", "குடோன்னு சொன்னாங்க" என்று பேச்சு தொடங்குவது அந்தப் புள்ளியில்தான்.

அதற்கப்புறம் நடப்பது எல்லா ஊரிலும் ஒரே நாடகம். மறியல். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார். தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. "மறு உத்தரவு வரும்வரை பணி நடக்காது" என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தாளுக்கு ஆயுள் கொஞ்ச மாதம். கிராம சபைத் தீர்மானத்துக்கும் ஆலையைத் தானாக நிறுத்தும் வலு கிடையாது, ஆனால் உயர் நீதிமன்றத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ ஓர் ஆவணமாக நிற்கும். தீர்மானத்தில் "இந்த ஆலை வேண்டாம்" என்று ஒரே வரி எழுதுவதைவிட, கழிவுநீர் எத்தனை லிட்டர், சேறு எங்கே போகும், சரக்கு எந்த ஊரிலிருந்து வரும் என்று கேட்டுப் பதிவு செய்யும் ஊர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு.

இந்த அவநம்பிக்கை சும்மா வந்ததல்ல. நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலை உவராக்கியபோது காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னார்குடி மீத்தேன் ஒப்பந்தம் 2010-இல் போட்டது, அதை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கம் அந்தப் பயணத்திலேயே இறந்துபோனார். 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது, அதே வருஷம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம். 2023-இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் டெல்டா ஊர்களின் பெயர் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்லப்பட்டது.

எதிர்ப்பில் எனக்கு ஒப்பாத ஒன்று

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தில் ஊர்க்காரர்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒன்றியத்துச் சின்னக் கொட்டகை இருக்கிறதே, அதையும் "குப்பைக் கம்பெனி" கணக்கில் சேர்த்து மறித்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு என்று சொல்ல அதிகாரிகளும் மெனக்கெடுவதில்லை. போதாக்குறைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது சுடுகாட்டுப் பக்கம், சேரிப் பக்கம் என்றே தேடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் எதிர்த்தால் அது நியாயமான எதிர்ப்பு. ஊர்த் தெருவிலிருந்து எதிர்ப்பு வந்தால் உடனே இடம் மாறுகிறது, சேரியிலிருந்து வந்தால் மாறுவதில்லை. இதைப் பற்றி மேடையில் யாரும் பேசக் கேட்டதில்லை.

கொட்டகை இல்லாவிட்டால் என்ன ஆகிறது? தூய்மைக் காவலர் பெண்கள் தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போய் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வாங்குகிறார்கள். பாட்டிலையும் பால் கவரையும் காயலான் கடைக்குப் போட்டு நாலு காசு பார்க்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு கவரும் மூட்டையாகச் சமுதாயக் கூடத்தின் பின்னால் கிடக்கின்றன. ஒரு நாள் சாயங்காலம் யாரோ தீ வைக்கிறார்கள். தாழ்ந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக், குறிப்பாக பி.வி.சி. கலந்தது, டயாக்சின் மாதிரியான நஞ்சைக் கிளப்பும். ஆலைப் புகையைக் கண்டு பயப்படும் ஊரில் தினமும் மூட்டமிட்டுக் கொளுத்துகிறோம்.

அந்த யாருக்கும் வேண்டாத மூட்டைகளுக்கு டெல்டாவிலேயே ஆலை வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். சுண்ணாம்புக் கல் பூமி, வரிசையாகச் சிமென்ட் ஆலைகள். சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் சூடு, அதில் இந்தப் பாக்கெட்டுகள் நிலக்கரிக்குப் பதிலாக எரியும். குப்பையிலிருந்து எரிபொருள் தயாராகும் இடத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது இதிலிருந்து எடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதி சொன்னது. தஞ்சாவூரும் கும்பகோணமும் அந்தத் தூரத்துக்குள்தான். தரம் பிரித்து, உலர்த்தி, கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றினால் போதும். அதற்குக் கொட்டகை வேண்டும், தொட்டி வேண்டாம். அரியலூர்க்காரர்கள் ஏற்கனவே சுண்ணாம்புத் தூசியில் மூச்சுவிடுகிறார்கள், அவர்கள் தலையில் நம் பாக்கெட்டையும் கட்டுகிறோம் என்பது உறுத்தத்தான் செய்கிறது. கட்டுவதற்கு முன்னால் அந்தச் சூளைகளின் புகை அளவீட்டை அவர்களும் நாமும் சேர்ந்து கேட்கலாம்.

கழுவும் ஆலை நாட்டுக்கு வேண்டும், அதில் சந்தேகமில்லை. கழுவிய தண்ணீர் அடுத்தவர் நாற்றங்காலுக்குள் போகாத மேட்டு நிலத்தில், சிட்கோ மாதிரியான தொழிற்பேட்டைக்குள், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு வைக்க வேண்டும். நெல் வயலுக்கு நடுவே, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய தரிசில் வைக்கக் கூடாது. ஊர்க்காரர் சொல்வதில் இந்தப் பாதி முழுக்க முழுக்கச் சரி.

அந்த லஸ்கரிடம் கேட்டேன், கரையில் இழுத்துப் போட்டதை யார் வந்து எடுப்பார்கள் என்று. ஊராட்சியில் சொல்லியிருக்கிறது என்றார். ஊராட்சியில் கேட்டால் ஆற்றங்கரை பொதுப்பணித் துறையுடையது என்றார்கள். ஆடிப்பெருக்கு கழிந்து அந்தப் பக்கம் போனபோது குவியல் இல்லை. கரையில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பாக உருகி இறுகிக் கிடந்தது, ஓரத்தில் உரச் சாக்கின் நீல எழுத்து மட்டும் எரியாமல் மிச்சமிருந்தது. பக்கத்து வயலில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது.